துணி இறங்கும் திருப்பம்

மோட்டார் சைக்கிளின் வலது கைப்பிடியை முழுக்கத் திருகி விட்டால் 'டக்' என்று கேட்க வேண்டும். கார்புரேட்டருக்குள் மேலே தூக்கி நின்ற ஸ்லைடு, தன் தலைமேல் இருக்கும் ஸ்பிரிங் அழுத்த, கீழே விழுந்து காற்று வரும் வழியை அடைக்கிற சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டால் வண்டி தன்னை ஓட்டுகிறவனின் பேச்சைக் கேட்கிறது என்று அர்த்தம். வியாழக்கிழமை சாயங்காலம், பட்டறையின் இரும்புக் கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டு, காதுக்காரர் கைப்பிடியைத் திருகி விட்டார். 'டக்' வந்தது. ஒரு மூச்சு தாமதமாக வந்தது.

மறுபடி திருகி விட்டார். சரியாக விழுந்தது. மூன்றாம் முறையும் சரியாகவே விழுந்தது. வேறு எவனாக இருந்தாலும் ஏதோ எண்ணெய்ப் பிசுக்கு என்று விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். அவர் போகவில்லை. அன்று காலையில்தான் புது ஸ்பிரிங் போட்டிருந்தார். உள்ளங்கையை எதிர்த்துத் தள்ளுகிற முரட்டு ஸ்பிரிங். இப்போது கைப்பிடி வெண்ணெயில் விரல் விட்டது போல இளகிக் கிடந்தது.

காதுக்காரர் என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. முக்கால் முழத் திருப்புளியின் நுனியை ஓடுகிற எஞ்சின் மேல் ஊன்றி, அதன் மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே எந்த வால்வு சோம்பலாக மூடுகிறது, எந்த பேரிங் அழுகிறது என்று அப்படியே சொல்லிவிடுவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் கேட்டார். வாசலில் தொங்கும் பலகையில் இருப்பது அப்பாவின் பெயர். அறுபது வருடமாக அந்தப் பலகையைப் பார்த்து ஒருவனும் முகம் சுளித்தது கிடையாது.

அந்தப் பட்டறைக்கு ஒரு சட்டம் உண்டு. எஞ்சினைச் செய்தவன் அதை ஓட்டக் கூடாது. செய்தவனுக்குத் தன் வேலைமேல் ஆசை இருக்கும், ஆசை காதை அடைத்துவிடும் என்பார் அப்பா. அதனால் அண்ணன் செய்வார், தம்பி ஓட்டுவான். ஊருக்கு வெளியே கல்குவாரியை ஒட்டிப் போகும் நேர்ச்சாலையில் தம்பி முழு வேகத்தில் வருவான். சாலை திரும்புகிற இடத்தில் அண்ணன் கையில் சிவப்புத் துணியை உயர்த்திப் பிடித்து நிற்பார். துணி மேலே இருக்கிற வரைக்கும் கைப்பிடியை மூடக் கூடாது, எஞ்சினின் உச்சக் குரலை அண்ணன் கேட்டாக வேண்டும். துணி இறங்கியதும் மூட வேண்டும். நூறு வண்டிகளுக்கு மேல் அப்படித்தான் சோதித்தார்கள். தம்பிக்குக் கைக்காரன் என்று பெயர்.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, இதே வண்டியில், துணி இறங்கிய பிறகும் எஞ்சின் அடங்கவில்லை. திருப்பத்துக்கு அப்பால் குவாரியின் சுற்றுச்சுவர் இருந்தது.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் காதுக்காரர் இரண்டே வாக்கியம் சொன்னார். "துணியை இறக்கினேன். அவன் மூடல."

ஊர் அதற்குமேல் தானாகவே எழுதிக்கொண்டது. கைக்காரனுக்குத் தலைக்கனம், துணியை மதிக்காமல் செத்தான், பெண்டாட்டி பிள்ளையை நினைக்காத பாவி. பட்டறையின் வேலையை யாரும் குறை சொல்லவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் தம்பி மகள் வந்தாள். அப்பா சாகும்போது அவளுக்கு நாலு வயது. இன்று நகரத்தில் பேருந்து ஓட்டுகிறாள். அவளுடைய தோள் அப்படியே அவள் அப்பனுடைய தோள். காயலான் கடைக் கொட்டகையின் மூலையில் கிடந்த வண்டியை எப்படியோ தேடிப் பிடித்து, சிறிய லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"பெரியப்பா, இதை ஓட வச்சுக் குடுங்க. அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே. ஒரு நூல் கொறையக் கூடாது."

"எதுக்கும்மா?"

"எங்கப்பா மூடாத இடத்துல நான் மூடணும். நீங்கதான் துணியோட நிக்கணும்."

அவர் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளைப் பட்டறை வாசலிலிருந்து திருப்பி அனுப்பினால், ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். சரி என்றார். வண்டியின் வளைந்த இரும்புச் சட்டத்தை நேராக்கினார். கிராங்கை மூன்று முறை பிரித்துக் கோர்த்தார். காற்று நுழையும் வாயை அரம் போட்டு அகலப்படுத்தி, கண்ணாடி மாதிரி மெருகேற்றினார். உயரமான பிஸ்டன், பெட்ரோலைத் தாராளமாக விடும் பெரிய ஜெட், தடுப்பில்லாத சைலன்சர் எல்லாம் அன்று இருந்தபடியே வந்து சேர்ந்தன.

ஸ்பிரிங் மட்டும்தான் அன்று இருந்ததல்ல.

இப்போது அவர் கார்புரேட்டரின் மூடியைத் திருகித் திறந்தார். ஸ்லைடை வெளியே இழுத்தார். விளக்கை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

ஸ்பிரிங் ஈரமாக இருந்தது. பெட்ரோல் ஈரமில்லை. பாசி நாற்றம் அடித்தது, வெகுகாலம் வெளிச்சம் படாத தண்ணீரின் நாற்றம். ஒரு முனையில் மூன்று சுற்றை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தைச் சாணைக்கல்லில் சாய்வாகத் தேய்த்திருந்தது. தன் கை வெட்டு தனக்குத் தெரியாதா? சாய்வு இடது பக்கமாகத்தான் இருக்கும். அவருக்கு இடது கைப் பழக்கம்.

மணிக்கட்டு வலிக்குது, கைப்பிடியைக் கொஞ்சம் லேசாக்கிக் குடுண்ணே என்று தம்பி கேட்டதற்காக அன்று வெட்டியது அது. முழு வேகத்தில் எஞ்சின் இழுக்கிற இழுப்பில் ஸ்லைடு கார்புரேட்டரின் உட்சுவரோடு ஒட்டிக்கொண்டால், கீழே தள்ள அந்த ஸ்பிரிங்குக்குத் தெம்பு போதாது. அது அவருக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். சுவரடியில் ஜனம் கூடுவதற்குள் கார்புரேட்டரைத் திறந்து, ஸ்பிரிங்கை மாற்றி, வெட்டியதைக் குவாரித் தண்ணீரில் வீசினவர் அவர்தான். அதை அவர் குற்றம் என்று நினைத்ததில்லை. போனவன் போய்விட்டான், பலகை இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். குடும்பத்துக்குப் பெரியவன் செய்ய வேண்டியதைச் செய்தேன் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார், கேட்பதற்கு ஆள் இருந்தால்.

வண்டியைப் பார்த்தார். வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிற வம்சம் இல்லை அவருடையது.

"என்னடா, மிரட்டுறியா? போய் வேற ஆளைப் பாரு."

ஸ்பிரிங்கைக் கட்டரால் ஏழு துண்டாக நறுக்கிக் குப்பைத் தகரத்தில் போட்டார். புதிது ஒன்றை மாட்டி, மூடியை இறுக்கினார். திருகி விட்டார். டக்.

வெள்ளிக்கிழமை காலையில் பெயின்டர் வந்தார். பெட்ரோல் டாங்க்கை ஒரு வாரமாகத் தன் வீட்டிலேயே வைத்திருந்து, கறுப்பு அடித்து, கடைசிப் பொன்கோட்டை மட்டும் வண்டியில் வைத்துப் பார்த்து இழுக்கலாம் என்று கைக்குழந்தையைப் போலச் சுமந்து வந்தார். வந்ததுமே, கோடு இழுக்கும்போது தன்னோடு யாரும் பேசக் கூடாது, பெண்டாட்டி பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன் என்று தன் பழைய ஜோக்கைச் சொன்னார். காதுக்காரர் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. டாங்க்கை அணைத்தபடியே பெயின்டர் வண்டியைச் சுற்றி வந்தார். முழங்கால் சைலன்சரில் பட்டது. 'ஸ்' என்று துள்ளினார்.

"சுடுது! காலங்காத்தால ஓட்டிட்டு வந்துட்டீங்களா? செஞ்சவன் ஓட்டக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சட்டம் பேசுவீங்க."

"யாரு ஓட்டினா?"

"அப்ப இது எப்படிச் சுடுது?"

பெயின்டரின் பார்வை சைலன்சரிலிருந்து மெதுவாக ஏறித் தன் கையில் இருந்த டாங்க்குக்கு வந்தது. சொட்டுப் பெட்ரோல் இல்லாத, உள்ளே இன்னும் பெயின்ட் வாசனை அடிக்கிற டாங்க். வண்டியின் முதுகில் அது உட்கார வேண்டிய இடம் வெறுமையாக, எலும்பு தெரியக் கிடந்தது.

பெயின்டர் டாங்க்கை மேஜைமேல் வைத்தார். ரொம்ப மெதுவாக வைத்தார். கோட்டை நீங்களே இழுத்துக்கங்க அண்ணே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இருபது வருடத்தில் அந்த மனிதர் ஒரு கோட்டைப் பாதியில் விட்டுப் போய் அவர் பார்த்ததில்லை.

அன்று முழுவதும் காதுக்காரர் வேலை செய்தார். வேலைதான் அவருக்குத் தெரிந்த ஒரே வீம்பு. டாங்க்கை வண்டியில் பூட்டினார், கார்புரேட்டர் ஊசியை ஒரு பள்ளம் இறக்கினார், தீப்பொறி தரும் பாயிண்ட்டின் இடைவெளியைத் தகடு வைத்து அளந்தார். மத்தியானம் கார்புரேட்டரைத் திறந்தார். பாசி நாற்றம். ஏழு துண்டும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்பிரிங், இடது சாய்வில் தேய்த்த முனை. குப்பைத் தகரத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் தேங்கியிருந்தது.

எடுத்தார். புதிது போட்டார். இந்த முறை மூடியின் இரண்டு பக்கமும் துளைத்து, கம்பி கோர்த்து முறுக்கி, முடிச்சின்மேல் ஈயத்தை உருக்கி ஊற்றித் தன் பெயரின் முதல் எழுத்தை அழுத்தினார். அந்தக் கம்பியை அறுக்காமல் மனுஷன் எவனும் அதைத் திறக்க முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பி மகள் வந்தாள். பேருந்து உடுப்பைக்கூட மாற்றவில்லை. வண்டியைக் கண்டதும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். அவள் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினாள். முகம் மலர்ந்தது.

"எவ்வளவு லேசா இருக்கு பெரியப்பா. ஒரு விரலாலேயே திருகலாம் போல."

அவர் குனிந்து பார்த்தார். கம்பி அறுபடவில்லை. ஈயத்தில் அவர் எழுத்து அப்படியே இருந்தது.

"அவ்வளவு வேகம் வேண்டாம்மா. பாதி வேகத்துல ஓட்டு, போதும்."

"பாதி வேகத்துல மூடறதுக்கு நான் எதுக்கு? அதை எங்க டிப்போ காவல்காரர்கூட மூடுவாரு." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கம்மா சாகற வரைக்கும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. அவருக்குத் துணி தெரியலையா, இல்ல தெரிஞ்சும் எங்களை நெனைக்கலையான்னு. நீங்க பக்கத்துல இருந்தீங்க. ஏதாவது பார்த்தீங்களா?"

தகரக் கூரைமேல் ஒரு பறவை நடந்து போகிற சத்தம். எண்ணெய் சொட்டுகிற சத்தம். அவர் பார்த்திருந்தார். துணி இறங்கிய அதே கணத்தில் தம்பி கைப்பிடியை மூடியதைப் பார்த்தார். எஞ்சின் அடங்காமல் கதறியதைக் கேட்டார். தம்பி வலது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, விரல்களை விரித்து, வெறும் உள்ளங்கையை அண்ணனுக்குக் காட்டியதைப் பார்த்தார். நான் இல்லைண்ணே என்று சொல்கிற கை.

ஒரு வாக்கியம் போதும். அவள் வண்டியிலிருந்து இறங்கிவிடுவாள். அம்மாவின் கேள்விக்கு முப்பத்தோரு வருடம் கழித்துப் பதில் கிடைத்துவிடும். பலகையும் இறங்கும்.

"நான் சொன்னதைத்தான் பார்த்தேன்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கைப்பிடியை ஒரு முறை தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவர் திருப்புளியை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது, கை தானாகப் போயிற்று. ஓடாத எஞ்சினில் காது வைப்பது பைத்தியக்காரன் வேலை. நுனியைச் சிலிண்டரின் அடியில் ஊன்றி, மரப்பிடியை எலும்பில் அழுத்திக் கண்ணை மூடினார்.

முதலில் ஒன்றும் இல்லை. இரும்புக்கு உள்ள நிசப்தம். பிறகு, வெகு ஆழத்தில், தண்ணீர் அலம்புகிற ஓசை. கல் விளிம்பில் தண்ணீர் மோதி மோதித் திரும்புகிற ஓசை. அதற்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள். தண்ணீருக்கு அடியில் இழுக்கிற மூச்சு. அப்புறம் குரல், காதுக்கு வெளியே இல்லை, எலும்புக்கு உள்ளேயே.

"மூடிட்டேண்ணே."

அவர் திருப்புளியை எடுக்கவில்லை. அதுதான் அவருடைய குணம். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்திப் பிடித்தார்.

"மூடிட்டேண்ணே. மூடிட்டேண்ணே."

"தெரியும்டா" என்றார். வாழ்நாளில் முதல் முறையாகச் சொன்னார், அதுவும் கதவு மூடிய பட்டறையில், இரும்பிடம். "தெரிஞ்சு என்ன செய்யச் சொல்றே? அப்பா பேரைக் கழட்டி வீதியில போடச் சொல்றியா? போட மாட்டேன். உன் பொண்ணையும் குடுக்க மாட்டேன். உன்னால ஆனதைப் பாரு."

குரல் நின்றது. அது அவருக்கு வெற்றி போலத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன், அவள் வருவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, அவர் கதவைத் தூக்கினார். சட்டத்தை மீறுவது என்று முடிவு செய்துவிட்டார். தானே ஓட்டி, தானே மூடி, ஸ்பிரிங்கையும் செத்தவனையும் ஒரே நேரத்தில் ஜெயித்துக் காட்டிவிட்டு வந்து, வண்டியில் கோளாறு என்று சொல்லி, சுத்தியலால் எஞ்சினைப் பிளந்து போட்டுவிடுவது. யாரும் எதுவும் கேட்க முடியாது. எழுபது வயதில் கிக்கரை ஒரே உதையில் கீழே தள்ளினார். எஞ்சின் பிடித்தது. எதிர்க்கடையின் கண்ணாடிக் கதவுகள் அதிர்ந்தன.

தெருவில் பனி. விளக்குக் கம்பங்களின் கீழ் மஞ்சளாகத் தேங்கி நின்ற பனியைக் கிழித்துக்கொண்டு வண்டி போனது. தான் செய்த எஞ்சின் தொடைகளுக்கு நடுவே எப்படி இருக்கும் என்று ஒருநாளும் தெரிந்துகொள்ளாத கிழவருக்கு, அது முதுகெலும்பில் ஏறிப் பேசியது. எவ்வளவு நேர்த்தி. எவ்வளவு சுத்தமான குரல். முதல் சந்தியில் மூடினார். டக் என்று அடங்கியது. கடைவீதி முடிவில் மூடினார். அடங்கியது. "பார்த்தியாடா" என்று காற்றிடம் சொன்னார். சிரிப்புக்கூட வந்தது. அப்பா சொன்ன ஆசை இதுதான் போல என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பையும் காற்றோடு விட்டார்.

குவாரிச் சாலை. நேர்க்கோடு. இருபுறமும் வெள்ளை, நடுவே ஈரமான கறுப்புத் தார்.

முழுக்கத் திருகினார்.

எஞ்சின் எழுந்தது. இன்னும் எழுந்தது. முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே உச்சக் குரல், அதே சுருதி, இப்போது அவருக்குக் கீழே. கண்ணில் நீர் வழிந்தது. காற்றினால்தான்.

திருப்பத்தில் யாரோ நின்றார்கள்.

அவள் சீக்கிரமே வந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தார். பனிக்குள் ஓர் உருவம், உயர்த்திய கை, கையில் சிவப்பு. வண்டி நெருங்கியது. தோள் அவளுடையதுதான். சட்டை அவளுடையது இல்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. துணியின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மூடினார்.

கைப்பிடி முழுக்கத் திரும்பி நின்றது. எஞ்சின் அடங்கவில்லை.

கிளட்சைப் பிடித்தார். நெம்புகோல் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று கையோடு வந்தது. அணைக்கிற பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பிரேக்கில் ஏறி நின்றார். சக்கரம் ஈரத்தில் வழுக்கியது. குரல் அப்படியே இருந்தது. ஒரு நூல் குறையவில்லை.

உருவத்தின் இன்னொரு கையில் முக்கால் முழத் திருப்புளி. அதன் நுனி சுவரில் ஊன்றியிருந்தது. மரப்பிடி காதுக்குப் பின்னால், எலும்பில். கண் மூடியிருந்தது. நல்ல எஞ்சினைக் கேட்கும்போது காதுக்காரர் தலையை லேசாகச் சாய்ப்பாரே, அதே சாய்வு.

அவர் வலது கையை எடுத்தார். விரல்களை விரித்தார். வெறும் உள்ளங்கையைக் காட்டினார்.

"மூடிட்டேண்டா!"

தம்பி கேட்டுக்கொண்டிருந்தான்.

துணி மேலேயே இருந்தது.